மூலையில் மாட்டிக்கொள்ளும் பார்டர்கள்

பழைய செப்புத்தகட்டு அச்சுகளின் ஸ்கேன் கிடைத்தால் நடுவில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு நேராக பார்டருக்குப் போய்விடுவேன். அதிலும் முதலில் மூலைக்கு. பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றிய நியோகிளாசிக்கல் பாணி பார்டரைச் செதுக்கியவர் கெட்டிக்காரரா, வேலையை முடித்தால் போதும் என்று இருந்தவரா என்பது மூலையில் தெரிந்துவிடும். இது என் கட்சி.

எரிமலை வெடிப்பில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பேயை 1748இலும் தோண்டத் தொடங்கியது இந்தப் பாணிக்குப் பெரிய தூண்டுகோல். அங்கே கிடைத்தவற்றை நேப்பிள்ஸ் அரசவை 1757 முதல் பெரிய தொகுதிகளாக அச்சிட்டது. அடுத்த பத்தாண்டில் நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்துவைத்திருந்த கிரேக்க ஜாடிகளும் வண்ணப் படங்களாக வெளிவந்தன. ஐரோப்பிய டிசைனர்கள் இவற்றிலிருந்து அள்ளிக்கொண்டார்கள்: கட்டம் கட்டமாக மடங்கி ஓடும் மியாண்டர், அலையலையாகச் சுருளும் விட்ருவியன் சுருள், விசிறியாய் விரியும் பால்மெட் இலை.

சிக்கல் இங்கேதான். ஜாடியின் கழுத்தைச் சுற்றி ஓடும் மியாண்டருக்கு மூலையே கிடையாது. அதையே செவ்வகத் தாளின் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் நான்கு இடங்களில் திரும்பியாக வேண்டும். நீளப் பக்கத்திலும் அகலப் பக்கத்திலும் மடிப்புகள் முழுதாக அடங்கவும் வேண்டும். அடங்காவிட்டால் ஒவ்வொரு மடிப்பையும் துளி இழுக்கலாம், அல்லது துளி நெருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் இதைச் செய்வதில்தான் கைத்திறன். இன்னொரு வழி, மூலையில் ஒரு சதுரம் போட்டு அதற்குள் ஒரு ரோசெட் பூவை வைத்து மூடிவிடுவது. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பல நேரம் அந்தப் பூதான் பார்டரிலேயே அழகு. விட்ருவியன் சுருள் என்றால் இரண்டு மூலைகளிலிருந்தும் அலைகளை நடுவை நோக்கி ஓடவிட்டு, மோதும் இடத்தில் ஒரு பால்மெட்டை நிறுத்தலாம்.

அப்புறம் ஒளி. படத்தில் வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது பொது வழக்கம். அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதால், தகட்டில் அது வலப்பக்கத்திலிருந்து விழுவதாக நினைத்துக்கொண்டு செதுக்க வேண்டும். மேல் பட்டையில் இருக்கும் அகாந்தஸ் இலை (ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும் அலங்கார இலை) பக்கவாட்டுப் பட்டைக்கு வரும்போது இலை திரும்பும். நிழல் திரும்பக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் நிழற்கோடுகளும் தனித்தனி வேலை. இன்று ‘விண்டேஜ் பார்டர்’ என்று இணையத்தில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல், ஒரே பட்டையை நகலெடுத்துச் சுழற்றி ஒட்டியவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான்கு பக்கமும் நான்கு சூரியன்! ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

பாரிஸின் கட்டடக் கலைஞர்கள் பெர்சியேவும் ஃபொன்டேனும் இந்தத் தலைவலியையே விலக்கிவிட்டார்கள். 1801 முதல் தாள்களாக வந்து 1812இல் நூலான அவர்களுடைய உள் அலங்காரத் தொகுப்பில் வெறும் வெளிக்கோடுகள்தான், நிழலே கிடையாது. அன்னம், லாரல் மாலை, இறகு முளைத்த உருவங்கள் எல்லாம் துல்லியம். சுத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் குளிர்ந்துபோன மாதிரியும் இருக்கிறது. எனக்கு இத்தாலிய அச்சோவியர் பிரனேசிதான் சரி. 1769இல் அவர் வெளியிட்ட கணப்பு அடுப்பு டிசைன்களில் எகிப்தும், ரோமுக்கு முந்தைய இத்தாலியின் எட்ரஸ்கனும், ரோமும் இண்டு இடுக்கு விடாமல் அடைந்து கிடக்கும். அமிலத்தில் அரித்தெடுத்த கோடுகள் என்பதால் உளியின் விறைப்பும் இல்லை.

நீங்களே வரைந்து பார்ப்பதாக இருந்தால் மூலையில் தொடங்குங்கள். நான்கு மூலைகளையும், பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் தீர்மானித்துவிட்டு, மிச்சத்தைக் காம்பஸால் பகுத்துக்கொள்ளலாம். முதலில் மியாண்டர் போதும். நிழல் போடும் அகாந்தஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.