தும்பை அவிழ்க்கும் நேரம்

தீயணைப்பு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த புதிதில், வீடு எரிகிறது என்று அழைப்பு வந்தால் உள்ளே யாரும் சிக்கியிருக்கிறார்களா, சிலிண்டர் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு என் விசாரிப்பு முடிந்துவிடும். வாயில்லா ஜீவன் ஏதேனும் உள்ளே கட்டிக்கிடக்கிறதா என்ற மூன்றாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது, பங்குனி மாத மதியம் ஒன்றில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் எரிந்த கீற்று வீடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை முழுவதும் பிடித்திருந்தது. வீட்டார் அனைவரும் தப்பி வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஆனால் அந்த வீட்டு அம்மா, "கன்னுக்குட்டி கட்டிக் கெடக்குது சார்" என்று கதறியபடி கொட்டகைக்குள் மறுபடியும் நுழையப் பார்க்க, இரண்டு பேர் அவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லிவிட்டு நான் குனிந்தபடியே உள்ளே போனேன். கன்று மிரண்டு இழுத்ததில் நைலான் தும்பின் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது; சூட்டில் இழைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் நகம்கூட உள்ளே நுழையவில்லை. கத்தியால் அறுத்து வெளியே கொண்டுவந்த பிறகு, பிடி தளர்ந்த ஒரு நொடியில் அது தான் பழகிய அதே கட்டுத்தறியை நோக்கித் திரும்பி ஓடியது. காற்று வரும் திசையில் தள்ளி நின்ற தென்னையில் கட்டிய பிறகே என் மூச்சு சீரானது.

ஓட்டு வீட்டிலும் அடுக்குமாடியிலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. பூனை வெளியே ஓடாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ பதுங்கிக்கொள்ளும். அதைத் தேடி யாரும் புகைக்குள் திரும்பிப் போகக் கூடாது. வழக்கமாக எங்கே ஒளியும் என்பதை எங்களிடம் சொன்னாலே போதும். நாயைப் பால்கனிக் கம்பியில் பூட்டிவைப்பவர்கள் சாவியை வாசலருகே மாட்டிவைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடுதான் பரவும்; அடுப்படியில் படுத்துறங்கும் நாயைத்தான் அது முதலில் சூழும். அப்போது விளக்கின் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் வெளியேறிய பிறகே 101-ஐ அழைக்க வேண்டும்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் தீத்தொண்டு வாரத்தில், செயல்விளக்கத்துக்குப் போகும் ஊர்களில் எல்லாம் நான் ஒரு பருத்திக் கயிற்றை எடுத்து, முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிடக்கூடிய முடிச்சைப் போட்டுக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு பெரியவர் ஒருவர், "மாடு தானா அவுத்துக்காதா தம்பி?" என்று கேட்டார். மாடு இழுக்கும் பக்கம் அந்த முடிச்சு இறுகத்தான் செய்யும் என்பதையும், முனையைக் கவ்வி இழுத்துப் பழகிய மாடாக இருந்தால் முனையை வளையத்துக்குள் ஒரு முறை நுழைத்துவிட வேண்டும் என்பதையும் செய்து காட்டினேன். அவர் கயிற்றை வாங்கி, சரியாக வரும்வரை நான்கு முறை போட்டுப் பார்த்தார்.