மட்டைக் கணக்கு

யூன் 2
மகளின் ஹொக்கி அணிப் பிள்ளைகள் மாவட்டத்தில் வென்றுவிட்டார்கள். மாகாணப் போட்டி யாழ்ப்பாணத்தில். சந்தோஷம்தான். கூடவே கணக்கும் தொடங்கிவிட்டது.

யூன் 5
மட்டை 14,500. காலில் கட்டும் ஷின்காட் 2,800. சிட்டையைப் பார்த்த இவர் ஒன்றும் பேசாமல் வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

இப்போது இருப்பது பள்ளிக்கூடத்து மட்டை. மைதானத்துக் கிரவல் அதன் வளைவைத் தின்றுவிட்டது. கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி, கீழ்ப்பக்கம் யானைக்கால்போல வீங்கி நிற்கிறது.

யூன் 6
நித்திரை இல்லை. 14,500.

யூன் 9
மச்சாள் கனடா ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்தா. காசு கேட்கலாமோ என்று இருந்தேன். அதற்குள் அவ தன் கணக்கைத் தொடங்கிவிட்டா. பெடியன் ஐஸ் ஹொக்கி. சறுக்குச் சப்பாத்து, தலைக்கவசம், தோள்காப்பு எல்லாம் ஒரு வருடத்திலேயே அளவு காணாமல் போகிறதாம். ஐஸ் மைதானத்துக்கு மணிக்கணக்கில் காசு. விடியமுன்னமே காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அண்ணை இரண்டாவது வேலைக்குப் போவதும் இதற்குத்தானாம். நான் வாயைத் திறக்கவில்லை.

மருமகனும் இடக்கைதான். ஐஸ் ஹொக்கியில் இடக்கை மட்டை உண்டு. எங்களுடைய ஹொக்கியில் தட்டைப் பக்கம் ஒன்றுதான், எல்லோரும் ஒரே மாதிரித்தான் பிடிக்க வேண்டும். அம்மம்மா அடித்தும் சோற்றுக் கையை மாற்றாத என் மகள், மட்டைக்காக மாற்றிக்கொண்டாள்.

யூன் 13
தோட்டை அடைவு வைக்கலாம்.

வேண்டாம். ஏற்கெனவே ஒருதரம் போய் வந்த தோடு.

யூன் 14
சாப்பாட்டுக்கு வைத்த நெல்லில் மூன்று மூட்டை போய்விட்டது. போன மாதம் நல்ல விலை சொன்ன அதே ஆள், இன்று மூட்டைக்குள் கையை விட்டுக் கிளறிக் கிளறி ஈரம் என்கிறான். வைகாசி வெயிலில் காய்ந்த நெல்!

யூன் 17
மட்டை வந்தது. பின்னேரம் பயிற்சிக்குப் பழையதையே தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள்.
“புதுசு எங்கையடி?”
“கிரவல்ல தேஞ்சிடும் அம்மா.”

யூன் 19
மாகாணத்தில் வென்றால் கொழும்பாம். அங்கே செயற்கைத் தரை, தண்ணீர் அடித்து நனைத்துவிட்டுத்தான் விளையாட்டு. இதைச் சொன்னதும் இவர் சிரித்தார், கனநாளைக்குப் பிறகு. “நாங்கள் இரணைமடுக் குளத்து முறைத்தண்ணிக்கு அடிபடுறம், அங்கை பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி.” அதற்குச் சப்பாத்தும் வேறாம். அதை இவரிடம் சொல்லவில்லை.

யூன் 22
வான் 4.30க்கு. ஆளுக்கு 1,200. புட்டு அவிக்க மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். புது மட்டையை என் பழைய சீலைத்துண்டில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறாள்.

வான்காரர் இப்போதுதான் எடுத்தார். டீசலுக்கு ஆளுக்கு இன்னும் 200ஆம்.