அழாத குழந்தை

என் மகள் பிறந்த முதல் வாரம் அழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தூக்கினால் ஈரத்துணி மாதிரி கையில் துவண்டாள். பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள், "சமத்துக் குழந்தை, தொந்தரவே இல்லை" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இன்றும் வலிக்கும்.

மரபணுப் பரிசோதனையில்தான் பெயர் தெரிந்தது: பிராடர்-வில்லி. 1956இல் சுவிஸ் மருத்துவர்கள் விவரித்த நோய். அப்பாவிடமிருந்து வர வேண்டிய 15ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமலோ வேலை செய்யாமலோ போவதால் வருகிறது. பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. யார் மேலும் பழியில்லை. இதை என் கணவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

பாதாம் வடிவக் கண்கள், சின்னஞ்சிறு கைகால்கள். நான் கொஞ்சி மகிழ்ந்தவை எல்லாம் நோயின் அடையாளங்களாம். இருக்கட்டும், இப்போதும் கொஞ்சுகிறேன்.

குடிக்க மாட்டேன் என்கிறாளே என்று அழுத நானே, அவளுடைய ஐந்து வயதில் சமையலறைக்குப் பூட்டு வாங்கினேன். வயிறு நிறைந்துவிட்டது என்பதை அவள் மூளை உணர்வதில்லை. அது பேராசை இல்லை, நிஜப் பசி. தயவுசெய்து இப்படிப்பட்ட குழந்தையை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள்.

இன்னொன்று: இவர்களுக்கு வலி அதிகம் தெரியாது, வாந்தியும் அரிது. அதனால் வயிற்று வலி என்றோ வாந்தி என்றோ வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.