சேரின்ர சி.ஆர். கொப்பி

பழைய மாணவர் மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் வட்சப்பில மூண்டு தரம் கேட்டிட்டார். கிரிக்கெட் மச், பிரின்சிப்பலின்ர பிரம்பு, மாமரத்துக்குக் கல்லெறிஞ்ச கதை எல்லாம் மற்ற ஆக்கள் எழுதுவினம், அதால நான் அதுகளை விடுறன். எங்களுக்கு ஏ.எல். கெமிஸ்ட்ரி படிப்பிச்ச சேரைப் பற்றித்தான் எழுதப்போறன். பேர் போடமாட்டன். எங்கட பச்காரர் உடன கண்டுபிடிச்சிடுவீங்கள், கண்டுபிடிச்சா உங்களோடயே வச்சிருங்கோ.

சேரின்ர எழுத்து கோழி கிளறின மாதிரி. போர்டில அவர் எழுதிற சமன்பாட்டை நாங்கள் ஊகிச்சுத்தான் கொப்பியில எழுதுறது. எனக்கு எழுத்து வடிவு எண்டு வகுப்பில ஒரு பேர், அந்தப் பேர்தான் என்னை மாட்டிவிட்டது. 1989 ஆகஸ்ட் மாதமா இருக்க வேணும், யாழ்ப்பாணத்தில இந்தியன் ஆமி நிண்ட காலம், ரியூசன் முடிய என்னை மட்டும் மறிச்சு ஒரு தடிச்ச சி.ஆர். கொப்பியைக் கையில தந்து, "தம்பி, இதை இன்னொரு கொப்பியில வடிவா எழுதித் தாறியா, ஒருத்தருக்கும் காட்டாத" எண்டார்.

வீட்டை போய்த் திறந்து பாத்தா முழுக்க ஆக்களின்ர பேர். பேர், வயசு, கொண்டுபோன திகதி, அண்டைக்குப் போட்டிருந்த உடுப்பு, கொண்டுபோனது ஆர் எண்டு அஞ்சு நிரல் கீறி, அம்மாமார் வந்திருந்து சொல்லச் சொல்ல எழுதினது. ஒரு வரி எனக்கு இப்பவும் பாடம்: "நீலக் கோட்டுச் சாரம், கரையில கறுப்பு நூலால தைச்சது." தைச்ச அம்மாவேதான் அதைச் சொல்லியிருக்க வேணும், வேற ஆருக்கு நூலின்ர நிறம் தெரியும்.

வில்லங்கம் எல்லாம் அந்த அஞ்சாவது நிரலிலதான். ஆமி கொண்டுபோனதை மட்டும் எழுதியிருந்தா சேர் ஊருக்குள்ள பெரிய ஆள், ஆனா மனுசன் ஆமியோட திரிஞ்ச இயக்கங்கள் கொண்டுபோனதையும் எழுதினவர், புலிகள் கொண்டுபோனதையும் எழுதினவர், எல்லாம் ஒரே பேனையால. அப்பிடி எழுதிற ஆளுக்கு ஒளிக்கிறதுக்கு ஒரு பக்கமும் இல்லை எண்டது பதினெட்டு வயசில எனக்கு எங்க விளங்கினது, நான் பாட்டுக்கு மூண்டு பின்னேரம் இருந்து எழுதினன்.

செப்டெம்பர் 21 ராஜினி திராணகமவைச் சுட்டாங்கள். யாழ். பல்கலைக்கழகத்தில உடற்கூற்றியல் துறைத் தலைவர், 35 வயசு, ரெண்டு பெம்பிளைப் பிள்ளையளின்ர தாய், பரீட்சை வேலை முடிச்சு சைக்கிளில வீட்டை போகேக்க திருநெல்வேலியில வச்சு. அவவும் செய்தது சேர் செய்த வேலைதான், எல்லாத் துவக்குக்காரரும் செய்ததை எழுதிவச்சது. சுட்டது புலிகள்தான் எண்டு அவவோட சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தை நடத்தின ஆக்கள் பிறகு வெளிப்படையாவே எழுதினவை, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

அண்டிரவு அம்மா என்ர மேசையில கிடந்த கொப்பியைப் பாத்திட்டா. ஒண்டும் கதைக்கேல்ல, ரெண்டு கொப்பியையும் பேப்பரில சுத்தி அரிசிப் பானைக்குள்ள வச்சா. ரெண்டு நாள் கழிச்சு நான் அதைக் கொண்டுபோய்க் குடுத்து, "காய்ச்சல் சேர், மிச்சம் எழுத ஏலாது" எண்டன். சேர் என்ர நெத்தியில புறங்கையை வச்சுப் பாத்தார். நெத்தி குளிர்ந்துபோய் இருந்தது எண்டது எனக்கே தெரியும். "ஓம், சாடையாச் சுடுதுதான், போய்ப் படு" எண்டார்.

அதுக்குப் பிறகு நாப்பது பேர் இருந்த ரியூசன் பதினொண்டாகி ஆறாகினது. மொட்டைக் கடிதம் வந்ததாம், மதிலில துரோகி எண்டு கரியால எழுதிக் கிடந்ததாம். எனக்கு அதுகளை விட, றோட்டில சேர் சைக்கிளில வரேக்க ஆக்கள் ஒழுங்கைக்குள்ள திருப்பிறதுதான் ஞாபகம். நானும் ஒருக்கா திருப்பினனான்.

91 இல நான் வெளிக்கிட்டு வந்திட்டன். சேர் அங்கயே நிண்டார், கொப்பியளும் கூடிக்கொண்டே போனது. மனித உரிமைக்காக வேலை செய்யிற ஆக்களைப் பாதுகாக்கவேணும் எண்டு ஐ.நா. பொதுச்சபை ஒரு பிரகடனம் நிறைவேற்றினது 1998 டிசம்பர் 9. சரியாப் பதின்மூண்டு வருசம் கழிச்சு அதே டிசம்பர் 9, 2011 இல, காணாமல் போன ஆக்களுக்காக அடுத்த நாள் நடக்க இருந்த மனித உரிமை நாள் நிகழ்ச்சி அலுவலா ஓடித்திரிஞ்ச செயற்பாட்டாளர் லலித்தும் குகனும் யாழ்ப்பாணத்து ஆவரங்காலில மோட்டச்சைக்கிளோட போனவை திரும்பி வரேல்ல. தேடப்போன ஆக்களே கொப்பியில அடுத்த வரியா வந்து விழுந்தினம். மகனைத் தேடின ஜெயக்குமாரியை 2014 இல பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சு ஒரு வருசமளவில வச்சிருந்தவை, அது 1979 இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த சட்டம்.

2018 இல ஊருக்குப் போகேக்க சேரைப் பாத்தன். தலை முழுக்க நரைச்சுப் போச்சு, ஆனா அதே சிரிப்பு. எனக்குப் புளுகம் தாங்கேல்ல, தோளில கைபோட்டு ஒரு செல்பி எடுத்து, "காணாமல் போனோருக்காக ஓயாமல் உழைக்கும் எங்கள் ஆசான்" எண்டு பேஸ்புக்கில போட்டன், முன்னூறு லைக்குக்கு மேல வந்தது, உங்களில கனபேர் ஹார்ட் போட்டனீங்கள். நான் பிளேன் ஏறி மூண்டாம் நாள் சிவில் உடுப்பில ரெண்டு பேர் சேரின்ர வீட்டை போயிருக்கினம். வந்தது ஆர், என்ன குடுத்தவர், வெளிநாட்டுக் காசு எவ்வளவு வருது, மகள் எங்க வேலை செய்யிறா. பிறகு மகளின்ர ஒபிசுக்கும் போய் விசாரிச்சிருக்கினம். எனக்கு இதை மகள்தான் போனில சொன்னவ, பேசேல்ல, "அண்ணா, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ" எண்டு மட்டும் கேட்டவ. நான் எடுத்தன், ஆனா அதுக்குள்ள இருவது பேர் ஷெயர் பண்ணியாச்சு.

மலர்க்குழு சேரின்ர படம் ஒண்டு அனுப்பச் சொன்னது. அனுப்பேல்ல, அந்த இடத்தில விளம்பரம் ஏதும் போடுங்கோ.

இதை அனுப்ப முதல் எடுத்துக் கேட்டனான், "சேர், உங்களைப் பற்றி எழுதட்டோ, பேர் இல்லாமல்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எழுது, என்ர கையெழுத்தைப் பற்றி மட்டும் எழுதாத" எண்டார்.