கோடு தெரியவில்லை என்றால்

சிக்கிள் செல் நோயின் வேர் ஒரே ஓர் எழுத்து. 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில், ஜிஏஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஜி வந்துவிடுகிறது. அதனால் ஹீமோகுளோபினில் குளுட்டாமிக் அமிலம் அமர வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கின்றன. குழந்தை கை கால் வலியில் துடிப்பது இதனால்தான். 120 நாள் வாழ வேண்டிய அணு பெரும்பாலும் 20 நாளைக்கூடத் தாண்டுவதில்லை.

இந்தியாவில் இது முதலில் பதிவானது நீலகிரியில். 1952இல் லேமனும் கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்துக்குப் பிறகு பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை பெருகியிருக்கிறது. எண்ணிக்கை கூடும்போது கை அவசரப்படும். தவறு நுழைவதும் அங்கேதான்.

முதல் கட்டம் கரைதிறன் சோதனை. இரண்டு வகை பாஸ்பேட் உப்பு, லிட்டருக்கு 5 கிராம் சோடியம் டைதயோனைட், 1 கிராம் சப்போனின் சேர்ந்த கரைசல். சப்போனின் அணுவை உடைக்கும், டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கும். ஒரு குழாயில் 2 மில்லி கரைசல் எடுத்து, 10 மைக்ரோலிட்டர் செறிந்த சிவப்பணுவை விட்டுக் கலக்கி, 5 நிமிடம் விட வேண்டும். பிறகு கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன்னால், இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் நெகட்டிவ். கலங்கல் கோட்டை மறைத்தால் பாசிட்டிவ். சந்தேகமாக இருந்தால் குழாயைச் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்: பாசிட்டிவில் அடர்சிவப்பு வளையம் மேலே மிதக்கும், கீழே திரவம் வெளிறிவிடும்.

முழு ரத்தத்தை அப்படியே விடுவது சுலபம்தான். ஆனால் மலைக்கிராமங்களில் ஹீமோகுளோபின் 6, 7 என்று வருபவர்கள் உண்டு. அவர்களுடைய ரத்தத்தில் அணுவே குறைவு. கலங்கல் தெரியாமல் போய்விடும். பிளாஸ்மாவில் கொழுப்பு கூடியிருந்தால் நேர்மாறாக, இல்லாத கலங்கல் வரும். செறிந்த அணு எடுத்தால் இரண்டையும் தவிர்க்கலாம். கரைசலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரட்டும். கலக்கிய கரைசல் குளிரில் 7 நாள் தாங்கும். டைதயோனைட் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரக்காற்றிலேயே வலுவிழந்துவிடும். வலுவிழந்த கரைசல் எல்லோரையும் நெகட்டிவ் என்று சொல்லும், யாருக்கும் சந்தேகமும் வராது. ஆகவே தினமும் கண்ட்ரோல், அதாவது பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்த ரத்தம், போட வேண்டும். அதற்கு நோயாளியின் ரத்தத்தைவிட கேரியரின் (தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் மாறிய மரபணு வந்தவரின்) ரத்தமே சரி. வலு பாதி போன கரைசலிலும் நோயாளியின் ரத்தம் கலங்கிக் காட்டிவிடும். கேரியரைத்தான் அது தவறவிடும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தச் சோதனை வேண்டாம். கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரைதிறன் சோதனை கேரியரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. 'சிக்கிள் பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிய சீட்டு வீட்டுக்குப் போகவே கூடாது. கேரியர் நோயாளி அல்ல. அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றால், அந்தப் பாவம் எழுதிய கைக்குத்தான். கேரியருக்கு ஹீமோகுளோபின் 8 என்று வந்தாலும் காரணம் சிக்கிள் அல்ல; இரும்புச்சத்துக் குறைவையோ வேறொன்றையோ தேட வேண்டும்.

பிரித்துக் காட்டுவது எச்பிஎல்சி, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாக அளக்கும் கருவிச் சோதனை. கேரியருக்கு எஸ் (சிக்கிள் ஹீமோகுளோபின்) பொதுவாக 35 முதல் 40 சதவீதம், ஏ (இயல்பான ஹீமோகுளோபின்) அதைவிடக் கூடுதல். நோயாளிக்கு ஏ இருக்காது. பெரும்பாலும் எஸ்ஸும், கொஞ்சம் எஃப்பும் (கருக்கால ஹீமோகுளோபின்)தான். ஏ இல்லை, ஆனால் அணுக்கள் சிறுத்து, இயல்பில் சிறிதளவே இருக்கும் ஏ2 வகையும் கூடியிருந்தால், ஒரு பக்கம் சிக்கிளும் மறுபக்கம் பீட்டா தலசீமியாவும் (பீட்டா குளோபின் உற்பத்தி குறையும் பரம்பரைக் குறை) சேர்ந்திருக்கலாம்.

ஆலோசனையில் அடிக்கடி வரும் கேள்வி: “நாலுல ஒண்ணுதானே? மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி வராதில்ல?” பெற்றோர் இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம், ஒவ்வொரு முறையும் புதிதாக. இரண்டு நிறப் புளியங்கொட்டைகளை வைத்து எடுத்துக் காட்டினால் சட்டென்று புரிகிறது. எடுத்த கொட்டையைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கச் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றிய பிள்ளையின் மாதிரியில் கொடுத்தவரின் ஏ கலந்திருக்கும், நோயாளி கேரியர் போலத் தெரிவான். படிவத்தில் 'ரத்தம் ஏற்றிய தேதி' என்ற கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். மூன்று மாதம் காத்திருக்க முடியாது என்றால் தாய், தகப்பன் இருவருடைய ரத்தத்தையும் தலா 2 மில்லி, ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, பிள்ளையின் மாதிரியோடு சேர்த்தே அனுப்புங்கள்.