டிரம்முக்குள் ஆள் இறங்குவதற்கு முன்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில், பராமரிப்புக்காக ஓர் ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் வேலையில் நான் முதன்முதலாக அட்டெண்டன்டாக நின்ற நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். மூடிய கலனுக்குள் மற்றவர்கள் வேலை செய்யும்போது வாசலை விட்டு நகராமல் காவல் இருப்பதுதான் அட்டெண்டன்டின் வேலை. ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் பெரும்பாலும் பயிற்சி வகுப்பின் தேர்வைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். தேர்வு கடினமில்லை, அதற்குப் பிறகு வருவதைத்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்பு தமிழிலேயே நடந்தது. ஆசிரியர் முதலில் 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பலில் வெட்டுவேலையின் தீப்பொறி எண்ணெய் ஆவியில் பட்டு 76 பேர் இறந்ததை விவரித்தார். பிறகுதான் எண்களுக்கு வந்தார். 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளின்படி, ஆள் நுழையும் இடத்தில் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு வரம்பில், அதாவது காற்றில் பற்றி வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில், 10 விழுக்காட்டை எட்டக்கூடாது. நான் இவற்றை மனப்பாடம் செய்து தேறினேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டது எண்ணெயும் தண்ணீரும் பிரியும் ஒரு கிடைமட்ட டிரம், அதாவது பெரிய உருளைக் கலன். அடியில் படிந்த சேற்றை ஐந்து பேர் உள்ளே போய் அள்ள வேண்டும். காலை ஏழரைக்கு, வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் பெர்மிட் தாளைக் கையில் வாங்கினேன். வேலை அனுமதி அட்டையையும் நாம் பெர்மிட் என்றே சொல்கிறோம். நான் சொல்வது வேலை தொடங்குமுன் கையெழுத்தாகும் தாளை. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்ததால் பணி ஆரம்பமாகப் போகிறது என்றே நினைத்தேன். ஆனால் எங்கள் சூப்பர்வைசர், பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், "தாளை மடித்துப் பையில் வை, தம்பி. டிரம்மில் வந்து சேரும் குழாய் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

வால்வு மூடியிருக்கிறது என்று நம்பிக் குழாயை அப்படியே விட்டுவிடக்கூடாது. வால்வு எத்தனை இறுக்கமாக மூடினாலும் உள்ளே கசியலாம். எனவே குழாயின் இணைப்பைப் பிரித்து, நடுவில் பிளைண்டு எனப்படும் இரும்புத் தகட்டைச் செருகி, போல்ட்டை முறுக்கி, எண்ணிட்ட அட்டையைத் தொங்கவிடுவார்கள். பட்டியலில் ஒன்பது பிளைண்டுகள் இருந்தன. ஒன்பதையும் தொட்டோம், அட்டை எண்ணும் பட்டியல் எண்ணும் பொருந்தின. திரும்பும்போதுதான், டிரம்மின் அடியில் இருந்த வடிகால் முனையில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டியிருப்பதை அண்ணன் பார்த்தார். அது ஓடும் வழியே நடந்து போனபோது, மறுமுனை நைட்ரஜன் குழாயில் மாட்டியிருந்தது.

அந்த ஹோஸ் பட்டியலில் இல்லை, இருக்கவும் வழியில்லை. பட்டியல் ஆலையின் குழாய் வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டது. ஹோஸோ, எண்ணெய் ஆவியை வெளியேற்றுவதற்காக இரவு ஷிஃப்டில் தற்காலிகமாக மாட்டப்பட்டது. பகல் ஷிஃப்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நைட்ரஜன் பக்கத்து வால்வு மூடியேதான் இருந்தது. ஆனால் ஆலை ஆப்பரேட்டரை வரவழைத்து, டிரம் பக்கத்து இணைப்பை மெல்லத் தளர்த்தச் சொன்னபோது, அதிலிருந்து சீறும் ஓசை வந்தது. அந்த ஓசையை நான் இன்றும் மறக்கவில்லை. நைட்ரஜனுக்கு மணமோ நிறமோ கிடையாது. அது ஆக்சிஜனை விரட்டிவிட்ட இடத்தில் ஓரிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவான், மூச்சுத் திணறுகிறது என்ற உணர்வுகூட வராது. காற்றூதி ஓடிக்கொண்டிருக்கும்வரை அளவீடு சரியாகவே காட்டும். அது நின்றுவிட்டால், வடிகால் வழியே கசியும் நைட்ரஜன் கலனின் அடிப்பகுதியிலிருந்தே ஆக்சிஜனை விரட்டத் தொடங்கும். சேறு அள்ளுபவர்கள் குனிந்து நிற்பது அங்கேதான்.

ஹோஸின் இரு முனைகளையும் கழற்றி, வடிகால் முனையில் தகடு அடைத்து, பட்டியலில் பத்தாவது எண்ணாகக் கையால் எழுதிச் சேர்த்து, பெர்மிட்டை மறுபடி கையெழுத்துக்கு அனுப்பினோம். நண்பகல் வரை வேலை தொடங்கவில்லை. தாமதத்திற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழுந்தது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்ததற்கு, பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்ட ஒரு பம்பின் நிலை பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராததே தொடக்கம் என்பதை வகுப்பில் கேட்டிருந்தேன். அப்போது அது எனக்கு எங்கோ நடந்த ஒரு செய்தியாகத்தான் இருந்தது.

மதியம் வாயுச் சோதனை நடந்தது. நீண்ட ரப்பர் குழாயை உள்ளே விட்டு மேல், நடு, அடி என மூன்று உயரங்களில் அளப்பார்கள். காற்று குழாய் முழுவதும் ஏறி வந்து கருவியைச் சேரும்வரை ஒவ்வோர் உயரத்திலும் காத்திருக்க வேண்டும். முதலில் பார்ப்பது ஆக்சிஜனை. எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான உணரி ஆக்சிஜனில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எரியும் வாயு நிறைய இருந்தாலும் அது குறைத்துக் காட்டிவிடும். மூன்று உயரத்திலும் ஆக்சிஜன் 20.9 காட்டியது, மற்றவை பூஜ்யம். ஐவரும் தங்கள் அட்டைகளை என் பலகையில் மாட்டிவிட்டு நுழைந்தார்கள், நான் நேரத்தை எழுதிக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே இருந்த ஒருவரின் கருவி அலறியது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 12 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 12 பங்கு. சேறு கிளறப்படும்போது அதற்குள் சிக்கியிருந்த வாயு வெளிவரும் என்பதை அறிவேன். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து இந்த வாயுவைக் கண்டுகொள்ளலாம் என்று நம்புவது ஆபத்து, அளவு மிகும்போது மூக்கே மரத்துப்போகும். விசில் ஊதினேன். நால்வர் விரைவாக வெளியே வந்தார்கள். ஐந்தாவது அட்டை பலகையிலேயே தொங்கியது. என் கால் தானாக மேன்ஹோலை நோக்கி நகர்ந்தது. அட்டெண்டன்ட் எந்த நிலையிலும் உள்ளே போகக்கூடாது என்பதே எங்கள் முதல் விதி. இத்தகைய விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களே அடுத்தடுத்து விழுந்திருக்கிறார்கள். வாக்கி-டாக்கியில் மீட்புக் குழுவை அழைத்தபடியே கைவிளக்கை உள்ளே அடித்தேன். அவர் தம் இடுப்புக் கயிறு ஏணிப் படியில் சிக்கியதை விடுவித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடத்திற்குள் வெளியே வந்துவிட்டார். அந்த அரை நிமிடம் வெளியே நின்றதுதான் இந்தத் தொழிலில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

பெர்மிட் அங்கேயே நிறுத்தப்பட்டது. சேற்றைத் தண்ணீர் பாய்ச்சி நனைத்து, காற்றூதியைக் கூட்டி, மறுபடி மூன்று உயரங்களில் அளந்து, புதிய கையெழுத்து வாங்கிய பிறகே ஐவரும் திரும்ப நுழைந்தார்கள். அங்கே படிந்திருக்கும் இரும்பு சல்பைடு உலர்ந்தால் காற்றுப் பட்டே தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால், அள்ளி வெளியே வைத்த சேற்றையும் ஈரமாகவே வைத்திருந்தோம்.

மாலை ஏழு மணிக்கு இரவு அட்டெண்டன்டாக வந்தவர் வங்காளதேசத்துக்காரர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கும் தமிழ் தெரியாது. இருவருடைய ஆங்கிலமும் கொஞ்சம்தான். பட்டியலையும் அட்டைப் பலகையையும் ஒப்படைத்ததோடு நிறுத்தாமல், அவரை டிரம்மின் அடிக்கு அழைத்துப் போய் வடிகால் முனையில் அடைத்திருந்த தகட்டைத் தொடச் செய்தேன். பிறகு இருவரும் நைட்ரஜன் குழாய் வரை நடந்தோம். ஹோஸ் சுருட்டிக் கட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. அவர் குனிந்து அதன் இரு முனைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.