குமிழி நிற்கும், மூலக்கூறு ஓடும்

பிப்ரவரி 3

பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரை (நீளச் சங்கிலி மூலக்கூறு) கரைக்க அவசரம் ஆகாது. மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். கட்டியின் மேல்தோல் ஊறி வழுவழுத்து, உள்ளே நீர் புகவிடாது. குளிர்ந்த கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பிறகு 90 டிகிரி வரை சூடேற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் துளி டெர்ட்-பியூட்டனால் (சின்ன மூலக்கூறு கொண்ட ஓர் ஆல்கஹால்) சேர்த்து, காந்தப்புலத்தில் மூலக்கூறுகளை அளக்கும் என்எம்ஆர் கருவியின் குழாயில் ஊற்றினேன். நடுவில் ஒரு காற்றுக் குமிழி. சாய்த்தாலும் தட்டினாலும் அசையவில்லை.

பிப்ரவரி 4

குமிழி ராத்திரியில்தான் மேலேறியிருக்கிறது. அதே கரைசலில் பியூட்டனால் மூலக்கூறு எப்படி நகர்கிறது என்பதுதான் என் வேலை.

1905-இல் ஐன்ஸ்டைனும் ஆஸ்திரேலியாவில் சதர்லாந்தும் தனித்தனியே கண்ட சமன்பாட்டின்படி, பாகுத்தன்மை (திரவம் ஓடாமல் தடுக்கும் குணம்) ஆயிரம் மடங்கு கூடினால் விரவல் (மூலக்கூறு தானாக அலைந்து பரவுவது) ஆயிரம் மடங்கு குறைய வேண்டும். சின்ன மூலக்கூறு அப்படி நடந்துகொள்வதில்லை. ஜெல்லிக்குள் உப்பு விரவும் வேகம் வெறும் நீரில் இருப்பதைவிட அதிகம் குறைவதில்லை என்று தாமஸ் கிரகாம் 1861-இலேயே பார்த்துவிட்டார்.

பிப்ரவரி 6

கருவியை அளவுத்திருத்தம் செய்தேன். கனநீரில் எப்போதும் கொஞ்சம் பாதிக் கனநீர் (ஒரு ஹைட்ரஜன் மட்டும் டியூட்டீரியமான நீர்) இருக்கும். 25 டிகிரியில் அதன் விரவல் கெழு (பரவும் வேகத்தின் அளவு) வினாடிக்கு 1.9 × 10⁻⁹ சதுர மீட்டர். அதை வைத்துக் கருவியின் காந்தப்புலச் சரிவை (புலம் இடத்துக்கு இடம் மாறும் அளவை) சரிபார்க்கலாம். விரவலை அளக்கும் முறை ஸ்டெஜ்ஸ்கல், டானர் இருவரும் 1965-இல் சொன்னது: அந்தச் சரிவின் முதல் துடிப்பு ஒவ்வொரு மூலக்கூறும் இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒரு அடையாளம் போடும், இரண்டாவது அதை அழிக்கும். இடையில் நகர்ந்தவற்றின் அடையாளம் சரியாக அழியாது. அந்த அளவுக்குச் சமிக்ஞை குறையும்.

பாலிமர் இல்லாமல் எடுக்கும் ஒப்பீட்டு அளவீட்டையும் கனநீரிலேயே எடுக்க வேண்டும். சாதாரண நீரைவிட அது 20 சதவீதத்துக்கு மேல் பாகு கூடியது.

பிப்ரவரி 10

பியூட்டனால் கொஞ்சம்தான் மந்தமாகியிருக்கிறது. மாக்கி, மியர்ஸ் 1955-இல் தந்த எளிய கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. பாலிமர் இடத்தை அடைத்துக்கொள்வதால் மூலக்கூறு சுற்றிப் போகிறது, அவ்வளவுதான் அந்தக் கணக்கு. கன அளவில் பத்தில் ஒரு பங்கு பாலிமர் என்றால் வேகம் 0.67 பங்காகும். அதில் பாகுத்தன்மை எங்குமே வராது.

பிப்ரவரி 12

இன்றைய அளவீடு எனக்கு ரொம்பப் பிடித்தது. செறிவை மாற்றாமல், சங்கிலி ஏறக்குறைய இரு மடங்கு நீளமான பாலிமருக்கு மாறினேன். பின்னிக்கிடக்கும் சங்கிலிகளில் பாகுத்தன்மை நீளத்தின் 3.4-ஆவது அடுக்கில் ஏறும், அதாவது இரட்டித்தால் பத்து மடங்குக்கு மேல். பிப்பெட்டில் உறிஞ்சவே முடியவில்லை. பியூட்டனாலின் வேகமோ பிழை எல்லைக்குள் அதேதான்.

காரணம் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் காட்டிய கண்ணி அளவு. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கரைசலில், இழைகளுக்கு இடையிலான தூரத்தைச் செறிவுதான் தீர்மானிக்கிறது. சங்கிலியின் நீளத்துக்கு அதில் பங்கில்லை. நல்ல கரைப்பானில் அது செறிவின் −3/4 அடுக்கில் சுருங்கும். என் கரைசலில் சில நானோமீட்டர். பியூட்டனால் அதைவிடச் சிறியது, தாராளமாகப் போய்விடும். குமிழிக்கு வழிவிட வேண்டுமென்றால் மொத்தப் பின்னலும் நகர வேண்டும்.

பிப்ரவரி 17

அடுத்து, பியூட்டனாலுக்குப் பதில் குட்டைச் சங்கிலி பாலி எத்திலீன் கிளைக்கால். மூலக்கூறு எடை 2000, ஆரம் ஒரு நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாக்கி-மியர்ஸ் இங்கே விழுந்துவிட்டது. விழத்தான் வேண்டும், விரவும் பொருளின் அளவையே அந்தச் சூத்திரம் கேட்பதில்லை. குட்டைச் சங்கிலி பியூட்டனாலைவிட அதிகம் தடுமாறுகிறது, ஆனால் பாகுத்தன்மை சொல்லும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"ரெப்டேஷன் போட்டுப் பாத்தியா?" என்று ஆய்வகத்து அண்ணா கேட்டார். டி ஜென்னின் அந்த 1971 மாதிரி, பின்னலுக்குள் பாம்பாக ஊரும் நீளச் சங்கிலிக்கானது. இது கண்ணியைவிடச் சின்ன சுருள். ஊர என்ன இருக்கிறது? தவிர, கண்ணி இறுகிய கம்பிவலையும் இல்லை. இழைகளும் ஆடுகின்றன. அதை விட்டுவிடும் மாதிரிகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

பிப்ரவரி 20

ஒரு கரைசலை உலரவிட்டுப் பார்க்கிறேன். மேலே ஏடு படிந்ததும் உலர்வது சட்டென்று மந்தமாகிறது. நீர் குறையக் குறைய பாலிமர் கண்ணாடி நிலைக்கு (சங்கிலிகள் விறைத்து அசையாத நிலைக்கு) போகிறது. அப்போது நீர் மூலக்கூறுகூட, பக்கத்துச் சங்கிலித் துண்டு அசைந்து இடம் விடும்வரை காத்திருக்கும். விரவல் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று சரியும். பெயின்ட் காய்கிற கடைசிக் கட்டம் இழுப்பதும் இதனால்தான். இங்கே கண்ணிக் கணக்கு உதவாது. மூலக்கூறுகளுக்கு இடையே காலியாக இருக்கும் கன அளவை வைத்து விரென்டாஸ், டூடா 1977-இல் எழுதிய கோட்பாட்டைத்தான் பிடிக்க வேண்டும். அதில் நிர்ணயிக்க வேண்டிய மாறிலிகள் ஏராளம். அடுத்த வாரம் 30 சதவீதக் கரைசலிலிருந்து தொடங்குகிறேன்.